சமதரையில் தட்டிய வண்டி

இரவு ஒன்றே முக்கால் மணி. சேவூரிலிருந்து குன்னத்தூர் போகிற சாலை. இரண்டு பக்கமும் சோளக்காடு. தெருவிளக்கு கிடையாது. எதிரே ஒரு வண்டி கிடையாது. மேடும் பள்ளமும் இல்லாத சமதரையில் ஒரு கார் வயிறு தட்டி நின்றது...

முன்சக்கரங்கள் சுற்றின. வண்டி நகரவில்லை.

பின்சீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி. சீட்டு நனைந்துகொண்டிருந்தது. தண்ணீர் இல்லை... ரத்தம்.

கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனவன் திரும்பி வர முக்கால் மணி நேரமாவது ஆகும். அதுவரை நிட்டிங் மெஷின்கள் நின்றுதான் கிடக்கும். துணி ரோல் மேல் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். இது என்னோடு வேலை பார்த்த மகுடேஸ்வரனின் தங்கை வீட்டில் நடந்தது. ஒரே ஒரு முறை சொன்னான். மறுபடி கேட்டபோது எழுந்து போய்விட்டான்.

தங்கை பெயர் இந்துமதி. அவள் புருஷன் தங்கதுரை. சேவூருக்கும் குன்னத்தூருக்கும் நடுவே, சொந்தத் தோட்டத்திலேயே பனியன் கம்பெனி, பக்கத்திலேயே வீடு. தங்கதுரை நல்லவன்தான். ஒருவரையும் மரியாதை குறைத்துப் பேசமாட்டான். கார் பைத்தியம் ஒன்றுதான். இருந்த காருக்கு டர்போ கிட் மாட்ட ஆசைப்பட்டு, கோயம்புத்தூரில் ராஜ்கமல் என்ற மெக்கானிக்கிடம் விட்டான்.

மூன்று வாரம் கழித்து வண்டி வந்தது. மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் டர்போவுக்காகச் சைலன்சர் குழாயை எஞ்சினுக்கு அடியில் இறக்கிக் கொண்டுபோயிருந்தார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று ஸ்பிரிங்கையும் தாழ்த்தச் சொல்லியிருந்தான் தங்கதுரை. வண்டிக்கும் தரைக்கும் நடுவே நான்கே அங்குலம். எந்த வேகத்தடையில் ஏறினாலும் அடியில் 'கர்ர்ரக்' என்று ஒரு சத்தம்.

"மொதல்லயே சொன்னனுங்களே" என்றான் ராஜ்கமல். "இது ரேஸ் ரோட்டுக்கு ஆகுமுங்க. நம்மூரு ரோட்டுக்கு ஆகாதுங்க."

"வண்டிய மாத்தறதுக்குப் பதிலா ரோட்ட மாத்தீர்லாமுங்க" என்று தங்கதுரை சிரித்தான்.

சொன்னபடியே செய்தான்.

கம்பெனிக்கு அரை மைல் முன்னால் சாலையோரம் தெற்கத்திக்காரர்களின் லைன் வீடுகள் இருந்தன. எல்லாரும் இவனிடம் வேலை பார்க்கிறவர்கள். விடியற்காலையில் சாலையைக் கடந்துதான் கம்பெனி வேன் ஏற வேண்டும். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் அடிபட்டிருந்தார்கள். எத்தனை மனு கொடுத்தும் வேகத்தடை வரவில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களே போட்டுவிட்டார்கள். கட்டிங் வேஸ்ட் துணியைச் சாக்கில் இறுக்கி அடைத்து, சாலைக்குக் குறுக்கே வரிசையாகப் படுக்கவைத்து, மேலே செம்மண்ணும் ஜல்லியும் கொட்டி, தாரை ஊற்றி மிதித்த மேடு. கோணல்மாணலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் லாரிகள் அடங்கிப் போயின.

தங்கதுரையின் வண்டிதான் போகவில்லை. ஒரு நாள் குழாயே கிழிந்து தொங்கியது. மறுநாள் ஜேசிபி வந்தது.

டெய்லர் ராமுத்தாய் மட்டும் அவன் முன்னால் வந்து நின்றாள். "தம்பி, எங்க புள்ளைக இருட்டுல ரோட்டத் தாண்டுதுக. இத மட்டும் விட்ருங்க."

"கவருமெண்ட் போடாத மேடுங்கக்கா அது. நாளைக்கு எவனாச்சும் பைக்ல வந்து உழுந்தா ஆரு பதில் சொல்றதுங்க?" மரியாதையாகத்தான் சொன்னான்.

அரை மணி நேரத்தில் சாலை சமமாகிவிட்டது. பிய்ந்த சாக்கிலிருந்து வந்த வேஸ்ட் துணி, கலர் கலராக, சோளக்காட்டு வேலியில் பல நாள் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

பத்தொன்பதாம் நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ராமுத்தாயின் மகள் ஜோதிகா அடிபட்டுச் செத்தாள். பத்தொன்பது வயது. செக்கிங்கில் வேலை. எந்த வண்டி என்று இன்றுவரை தெரியாது. ஏற்றிவிட்டு நிற்காமல் போய்விட்டது. தங்கதுரை பெரிய மாலையாக வாங்கிக்கொண்டு போனான். ஒருவரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஷிப்மெண்ட். ராமுத்தாயும் வந்து மெஷினில் உட்கார்ந்தாள்.

அந்த வாரம்தான் தொடங்கியது.

ராத்திரி வீடு திரும்பும்போது, அதே இடத்தில்... 'கர்ர்ரக்'. சமதரைதான். இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தான். சாலை தோசைக்கல் மாதிரி வழவழவென்று கிடந்தது. துணி கருகும் வாசனை மட்டும் வந்தது. அயர்ன் பெட்டியைப் பனியன் மேல் மறந்து வைத்தால் வருமே, அதே வாசனை.

மறுநாளும் தட்டியது. அதற்கு மறுநாளும். பகலில் தட்டாது.

ராஜ்கமல் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தான். பிறகு தங்கதுரையை அடியில் கூப்பிட்டுக் காட்டினான்.

"ரோட்டுல தட்டுனா கீறலு முன்னாலிருந்து பின்னாலதான் போகோணுமுங்க. இது குறுக்கால போகுதுங்க பாருங்க..."

குறுக்கே நான்கு கோடுகள். பக்கத்துப் பக்கத்தில்.

டர்போ கிட்டைக் கழற்றச் சொன்னான் தங்கதுரை. ஸ்பிரிங் பழையபடி உயர்ந்தது. குழாய் பழைய இடத்துக்குப் போனது. தரையிலிருந்து ஏழு அங்குலம். எந்த வேகத்தடையிலும் வண்டி தட்டவில்லை. அந்தச் சமதரையில் மட்டும் தட்டியது.

"அந்த வண்டிய வித்துத் தொலைக்கறதுதானுங்களே?" என்று அந்தக் கடைசி ரோல் மேல் உட்கார்ந்திருக்கிற மருதம்மாள் கேட்பது காதில் விழுகிறது. அதைத்தான் மகுடேஸ்வரனும் கேட்டானாம். வாங்க வருகிறவனிடம் குறுக்குக் கீறலுக்கு என்ன காரணம் சொல்வது என்று திருப்பிக் கேட்டானாம் தங்கதுரை.

இந்துமதிக்கு அப்போது ஒன்பதாம் மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாகவும், படுத்தே இருக்க வேண்டும் என்றும், ரத்தம் கண்டால் ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் அம்மா வீட்டுக்குக்கூட அனுப்பவில்லை. ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்கு ரத்தம் கண்டது. வீட்டுப் பெரிய வண்டியை அவன் அப்பா தூத்துக்குடிக்கு எடுத்துப் போயிருந்தார். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். சுற்றுப்பாதையில் போனால் இன்னும் அரை மணி நேரம் அதிகம்.

இவளைத் தூக்கிப் படுக்கவைத்து, அதே வண்டியை, அதே சாலையில் எடுத்தான்.

அந்த இடம் வந்தது. வேகத்தைக் குறைத்தான். மாட்டுவண்டி போல ஊர்ந்தான். சத்தமே வரவில்லை. வண்டி மெல்ல மேலே ஏறியது... அப்படியே நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்தான். சக்கரம் காற்றில் சுற்றியது. இறங்கிக் குனிந்து பார்த்தான். நான்கு டயரும் தரையைத் தொடவில்லை. அடியில் ஒன்றும் இல்லை. கைவிட்டுத் துழாவினான். வெறும் காற்று...

"என்னங்க" என்றாள் இந்துமதி உள்ளேயிருந்து. அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

ஓடிப்போய் முதல் கதவைத் தட்டினான். திறந்தது ராமுத்தாய்.

அவள் இவன் முகத்தைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். "ஏலே, எல்லாரும் எந்திரிங்கலே" என்று குரல் கொடுத்தாள். பன்னிரண்டு ஆண்கள் வந்தார்கள். அவள் புருஷன் பெருமாள்சாமிதான் பம்பரில் முதலில் கை வைத்தான். பன்னிரண்டு பேர் தம் கட்டித் தள்ளினார்கள். அசையவில்லை.

"பிடிச்சு வச்சிருக்க மாதிரி இருக்கு" என்றான் பெருமாள்சாமி.

ராமுத்தாய் பின்கதவைத் திறந்து இந்துமதியின் நெற்றியைத் தொட்டாள். பிறகு நிமிர்ந்து நின்றாள். அவள் அழவில்லை.

"மேட்டத் திரும்பப் போட்ருவீகளா, தம்பி?"

"போட்டர்றனுங்க. பொறக்கற கொழந்த மேல சத்தியமுங்க."

"புள்ள மேல சத்தியம் வேண்டாம். போடுதேன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"கொழந்த மேல சத்தியமுங்கக்கா. நாளைக்கே போட்டர்றனுங்க."

ராமுத்தாய் குனிந்து, காருக்கு அடியில் இருந்த இருட்டைப் பார்த்து, "விடு ஆத்தா... ஜோதிகா" என்றாள்.

வண்டி இறங்கியது. தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவது போல... சத்தமில்லாமல்.

ஆஸ்பத்திரிக்குப் போய் இருபதாவது நிமிடம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். யாழினி என்று பெயர் வைத்தார்கள். இந்துமதி குழந்தையோடு அவிநாசியில் அம்மா வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து அந்தச் சாலையில் வண்டி தட்டவே இல்லை.

தட்டாத சாலையில் எதற்கு மேடு?

முதல் மாதம் ஷிப்மெண்ட் அவசரம். இரண்டாம் மாதம் மழை. மூன்றாம் மாதம் ராஜ்கமலைக் கூப்பிட்டு டர்போ கிட்டை மறுபடி மாட்டச் சொன்னான். நான்கு அங்குலம் ஆனதும், மேடு போட்டால் வண்டி போகாது என்று அவனுக்கே நியாயமாகத் தெரிந்தது. இந்துமதி போனில் கேட்டபோதெல்லாம், "போட்டாச்சு கண்ணு, மஞ்ச பெயிண்டெல்லாம் அடிச்சாச்சு" என்றான். கம்பெனிக்குள் ராமுத்தாய் உட்காரும் வரிசைப் பக்கம் போவதை விட்டுவிட்டான். அவள் கேட்கவும் இல்லை. விடியற்காலையில் மற்ற பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது, தானே நடுரோட்டில் நின்று, கையை விரித்து லாரிகளை நிறுத்திக்கொண்டிருந்தாள். தினமும்.

எட்டாம் மாதம் நல்ல நாள் பார்த்து மனைவியையும் குழந்தையையும் கூட்டி வந்தான். அப்பாவின் பெரிய வண்டியில்தான். சேவூர் வழியில் வேலை நடக்கிறது என்று சொல்லி, பெருமாநல்லூர் வழியாகச் சுற்றி அழைத்து வந்தான். தொட்டில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே மகுடேஸ்வரனும் வந்தான். அதனால் இனி சொல்லப்போவது அவன் கண்ணால் பார்த்தது.

ஆரத்தி சுற்றிக் குழந்தையை ஹாலில் இறக்கிவிட்டார்கள். கிரானைட் தரை, முகம் தெரிகிற வழவழப்பு. யாழினி தவழப் பழகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. எதிரே குந்தி உட்கார்ந்து தங்கதுரை கை தட்டினான். குழந்தை சிரித்துக்கொண்டே அவனிடம் தவழ்ந்து வந்தது. பாதி தூரம்...

நின்றது.

கையும் காலும் வேகமாக அசைந்தன. எதுவும் தரையைத் தொடவில்லை. வயிறு மட்டும் எதன் மேலோ தட்டி நிற்பது போல, தரைக்கு மேலே நான்கு விரற்கடை உயரத்தில், அந்தரத்தில் குழந்தை கிடந்தது. சிரிப்பு நின்று, வீறிட்டு அழத் தொடங்கியது.

தங்கதுரை பாய்ந்து போய்த் தூக்கினான். வரவில்லை. மகுடேஸ்வரனும் கை கொடுத்தான். ஏழு கிலோக் குழந்தை. இரண்டு ஆண்கள். மயிரிழைகூட அசையவில்லை.

இந்துமதி மட்டும் குழந்தையைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"ஏனுங்க... அந்த மேட்ட நீங்க போடவே இல்லீங்களா?"