மீதி பூச்சியம் அல்ல

பெர்கன் எண்ணாய்வகத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் சரிபார்ப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெறும் குட்ருன் குவாமே அம்மையாருக்கு உடன் பணிபுரிந்தோர் வாசித்தளிக்கும் மடல்

எண்ணுக்கு அஞ்சாத எங்கள் அம்மையீர்! ஏட்டில் அடங்காத இலக்கங்களை எள்ளளவும் பிசகாமல் எடைபோட்டவரே! வணக்கம்.

பகா எண் ஒன்றைக் கண்டுவிட்டோம் என்று நாங்கள் குதிப்போம். குதித்தது சரிதானா என்று தனியறையில், வேறொரு கணினியில், முதலிலிருந்து போட்டுப் பார்ப்பது உங்கள் வேலை. கண்டவர் பெயர் செய்தித்தாளில் வரும், சரிபார்த்தவர் பெயர் எங்கும் வராது. எங்கள் விடை உங்கள் காதில் விழுந்துவிடக் கூடாதென்று, கணக்கு ஓடும் நாள்களில் சரிபார்ப்பவர் எங்களோடு உண்பதில்லை என்பது இங்குள்ள வழக்கம். பதினொன்றரை மணிக்கு நாங்கள் நீள மேசையில் ரொட்டிப் பொட்டலம் பிரித்து மழையை வைதுகொண்டிருப்போம். நீங்கள் மூன்றாம் மாடியில் தனியே உண்பீர்கள்.

போன ஆண்டு மார்ச்சில் நடந்ததை மறைத்துவிட்டுப் பாராட்ட எங்களுக்கு வாய் வரவில்லை. இரண்டு கோடியே பதினோரு லட்சம் இலக்கங்கள் கொண்ட எண் அது. எங்கள் கணக்கில் கடைசி மீதி பூச்சியம். இந்தச் சோதனையில் பூச்சியமென்றால் பகா எண். இயக்குநர் தெர்யே லுண்டே செய்தியாளரிடம் சொல்லியாயிற்று, கேக்கும் வந்தாயிற்று. நாற்பத்தொரு நாள் கணக்குப் போட்டு முடித்து, ரொட்டிப் பொட்டலத்தோடு நீங்கள் இறங்கி வந்தீர்கள்.

"மீதி பூச்சியம் இல்லீங்க. அது பகா எண்ணே இல்ல."

"அப்ப எதால வகுபடுது? சொல்லுங்களேன் பார்ப்போம்!" என்று எகிறினார் தெர்யே.

"அது இந்தச் சோதனையில தெரியாதே. அதை வகுக்குற சொந்தக்காரங்க எங்கயோ இருக்காங்க, யாருன்னுதான் தெரியல. நீங்க கேக்கை வெட்டுங்க, அது ஒரு தப்பும் பண்ணல."

ஒருவரும் சிரிக்கவில்லை. கணக்குதான் முடிந்துவிட்டதே, நீங்கள் எங்களோடு உட்கார்ந்திருக்கலாம். காலி நாற்காலிமேல் கிடந்த மழைக்கோட்டை எங்களில் ஒருவரும் எடுக்கவில்லை. சற்று நின்றீர்கள். "அடுத்த எண் ஓடிட்டிருக்கு, வரேன்" என்று மாடியேறிவிட்டீர்கள்.

மூன்றாவது கணினியும் நீங்கள் சொன்னதே சரி என்றது; எங்கள் கணினியின் நினைவகக் கோளாறுதான் பூச்சியம் காட்டியிருந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்தோம். ஆனால் அன்று முதல் நீங்கள் உண்ண வரவேயில்லை. கேட்டால் "இன்னும் ஓடுது" என்றீர்கள். ஓயாத உழைப்பு என்று வியந்தோம்!

சென்ற வாரம் உங்கள் அறையை ஒழிக்கப் போன பொறியாளர் மரித், கணினியின் பதிவேட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பதினான்கு மாதங்களாக அதில் எந்த எண்ணும் ஓடவில்லை. உங்களுக்கு எண் ஒதுக்குவது யார் பொறுப்பு என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாரும் ஒதுக்கவில்லை. யாரும் மேலே வந்து பார்க்கவுமில்லை. வீட்டிலும் நீங்கள் ஒருவர்தான் என்று அன்றைக்குத்தான் மரித் சொல்லித் தெரிந்தது.

அம்மையீர்! நூறாண்டு வாழ்க என்று எழுதினோம். நூறாண்டும் தனியாகவா என்று அஞ்சி அடித்துவிட்டோம். உடல்நலத்தோடு இருங்கள். இனிப் படியேறி வர வேண்டியவர்கள் நாங்கள்தான். கதவைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் விருப்பம்.

தலைகுனிவோடு,
தெர்யே லுண்டேயும் நீள மேசையின் பதினொருவரும்
பெர்கன், மே மாதம்