மில்லில் எல்லாருக்கும் திருப்தி

"ஏனுங்க சார், எங்க மில்லுல எல்லாரும் திருப்தியா இருக்கோம்னு எழுதுனீங்களே, அந்தப் புஸ்தகம் முடிஞ்சுதுங்களா?"

பொள்ளாச்சியிலிருந்து உக்கடம் போகும் காலை பஸ். என் முன் இருக்கையில், மடியில் தடித்த ஆய்வேட்டுடன் இருந்த கல்லூரி விரிவுரையாளரிடம் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்.

"ஏழு வருசமாச்சுங்க. மேனேஜ்மென்ட்ல டாக்டர் பட்டம். இன்னைக்குப் பதினொரு மணிக்கு வாய்மொழித் தேர்வு. இதுல தேறுனாத்தான் வேலை நிலைக்கும்."

"அன்னைக்கு நீங்க கேள்வி அச்சடிச்ச பாரத்தைக் குடுத்துப்போட்டு டீ குடிக்கப் போயிட்டீங்க. மேஸ்திரி பின்னாலயே நின்னாருங்க. அவரு காட்டுன கட்டத்துலதான் எல்லாரும் டிக் போட்டோம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

உக்கடம் குளம் தெரிந்தது. விரிவுரையாளர் ஆய்வேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினார்.

"அந்த மேஸ்திரிக்குத்தானுங்க முதல் நன்றி போட்டிருக்கேன்."