மலிவு ராடு போட்ட கல்யாணக் கார்

"என் பொண்ணு வர காருக்கா மலிவு கனெக்டிங் ராடு போட்டே?"

கரமனையிலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த கல்யாணப் பெண்ணின் அப்பா கத்தினார். பக்கத்தில் அவர் மச்சினன். அந்தப் பழைய காரின் இஞ்சினைப் பிரித்துக் கட்டியவர்.

"நல்லது யானை விலை, அத்திம்பேர். நாலு ராடையும் எடைபோட்டு, அராவி, சமமாக்கித்தான் மாட்டினேன்."

"வழியில ஒடிஞ்சா?"

"ஒடியாது. பதுக்க, மெல்லத்தான் போகச் சொல்லிருக்கேன். பின்னாடிதான் வரது."

பாலராமபுரம் தாண்டியதும் ஹார்ன் கேட்டது. கார் எங்களை முந்திக்கொண்டு போனது. உள்ளேயிருந்து மணப்பெண் சிரித்தபடி கையசைத்தாள்.

"பதுக்கப் போகச் சொன்னேன்னியே!"

மச்சினன் முகமெல்லாம் சிரிப்பு. அப்பாவும் எட்டிப் பார்த்துக் கையசைத்தார். பிறகு முன்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"டிரைவரே, கொஞ்சம் வேகமாப் போகப்படாதா? பொண்ணு போயிட்டா, தாரை வார்க்க நான் வேண்டாமா?"