நாற்பத்தோராவது பிழை

உங்கள் அலுவலகத்து நாற்காலிகள் நன்றாக இருக்கின்றன. எங்கள் கல்லூரியில் மாணவர்களே நடத்தும் சட்ட ஆய்விதழுக்கு ஓர் அறை உண்டு. அங்கே இருந்த நான்கு நாற்காலிகளில் ஆடாதது ஒன்றுதான், அதில் எடிட்டர் அக்கா உட்காருவார். அந்த அறைக்குள் நுழைய ஆண்டுதோறும் அறுபது பேர் முட்டி மோதுவார்கள். எட்டுப் பேரை எடுப்போம். இதழில் பெயர் இருந்தால் பெரிய வக்கீல் அலுவலகங்கள் கூப்பிட்டு வேலை கொடுக்கும். இல்லாவிட்டால் விண்ணப்பத்தைப் பிரித்தும் பார்க்காது.

விண்ணப்பிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டுத் தாள் தருவோம். உள்ளே சில தீர்ப்புகள், ஒரு கட்டுரை. தீர்ப்புகளைப் பற்றி விமர்சனம் எழுத வேண்டும். கட்டுரையின் அடிக்குறிப்புகளில் நாங்கள் வேண்டுமென்றே நுழைத்த பிழைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வாரம் அவகாசம். கட்டைத் தவிர நூலகம், இணையம், சீனியர் எதையும் தொடக் கூடாது, தொட்டால் ஒழுங்கு நடவடிக்கை. விடைத்தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தேர்வுப் பொறுப்பாளரிடம் இருக்கும். போன ஆண்டு பொறுப்பாளர் நான்.

எனக்குச் சோம்பல் அதிகம், அதை மறைக்க மாட்டேன். புதுக் கட்டுரை தேடுவானேன் என்று, முந்தைய இதழில் வந்த என் கட்டுரையையே எடுத்து நாற்பது பிழைகளைத் தூவினேன். ஆண்டை மாற்றினேன், பக்க எண்ணை மாற்றினேன், ஒரு நீதிபதிக்கு வேறு நீதிமன்றத்துக்கு மாற்றல் கொடுத்தேன். அப்படியும் கட்டு ஒல்லியாகத் தெரிந்தது. கனமாக இருந்தால்தானே பிள்ளைகளுக்குப் பயம் வரும்? அதனால் என் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருந்த ஒரு சின்னத் தீர்ப்பைக் கடைசித் தாளாகச் சேர்த்தேன். அந்தத் தீர்ப்பை நான் முன்பும் படித்ததில்லை, சேர்க்கும்போதும் படிக்கவில்லை.

இருபத்தைந்து பிழை கண்டுபிடித்தாலே கெட்டிக்காரர்கள். ஒரு விடைத்தாளில் நாற்பதும் இருந்தன. அதற்குக் கீழே இன்னொன்று: ‘41. பதினேழாம் அடிக்குறிப்பு. மேற்கோளாகத் தந்துள்ள வாக்கியம் அந்தத் தீர்ப்பில் எங்கும் இல்லை.’

உண்மைதான். அந்த வாக்கியத்தை எழுதியது நான். கட்டுரைக்கு அப்படி ஒரு வாக்கியம் தேவைப்பட்டது, நீதிபதி எழுதாமல் விட்டிருந்தார். அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் எனக்கு ஒரு பெரிய அலுவலகத்தில் வேலை உறுதியாகியிருந்தது. வெளியே தெரிந்தால் வேலை போகும், வக்கீலாகப் பதிவு செய்வதே சந்தேகம். 

பட்டியலைப் பார்த்தேன். எறும்பு. இரண்டாம் ஆண்டுப் பெண். எதையும் வரிவரியாக ஊர்ந்து படிப்பாள், அதனால் வகுப்பில் வைத்த பெயர். உதவித்தொகையில் படித்தவள். வராந்தாவில் எதிர்ப்பட்டால், “அண்ணா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்காமல் போக மாட்டாள். எனக்கு அவளை மிகவும் பிடிக்கும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விடைத்தாள் எடிட்டர் அக்காவிடம் போவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். விடைத்தாள்களோடு திரும்பி வந்திருந்த கட்டுகளை ஒரு மதிய நேரத்தில் உட்கார்ந்து பிரித்தேன். பின்னைக் கழற்றுவது, கடைசித் தாளை உருவுவது, மறுபடி பின் அடிப்பது. அறுபத்திரண்டு கட்டு. கட்டைவிரல் நகம் பிய்ந்துபோனது. அப்புறம் அக்காவிடம் போனேன்.

“அக்கா, அந்த நாப்பத்தொண்ணு நான் வெச்ச பொறி. வெளிய போய்ப் பாத்தாத்தான் அது தெரியும். ஒரு ஆள் மாட்டியிருக்கு.”

“பரவாயில்லையே, உனக்கு இவ்வளவு மூளையா?” என்றார் அக்கா.

என் பழைய கட்டுரையை எடுத்து ஒப்பிட்டிருந்தால், அந்த வாக்கியம் அதிலேயே இருப்பது தெரிந்து அங்கேயே கதை முடிந்திருக்கும். ஆனால் எங்கள் இதழை, அதில் எழுதியவரைத் தவிர வேறு யாரும் படிப்பதில்லை.

முதல்வர் அறையில் விசாரணை. எறும்பு பதறவே இல்லை. “சார், கட்டுல கடைசித் தாளே அந்தத் தீர்ப்புதான் சார். அதுல பாத்துத்தான் எழுதினேன்” என்றாள். முதல்வர் அவளுடைய கட்டைப் பிரித்தார். இல்லை. இன்னும் நான்கு கட்டுகளைப் பார்த்தார். இல்லை. மற்ற விண்ணப்பதாரர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். யாருக்கும் நினைவில்லை, கடைசித் தாள்வரை போனவள் அவள் ஒருத்திதான். அவள் என்னைப் பார்த்து, “அண்ணா, நீங்க சொல்லுங்க. நீங்கதானே வெச்சீங்க” என்றாள். நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. யாரையும் குற்றம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அன்று சாயங்காலம் அவள் அப்பா போன் செய்தார். “தம்பி, எங்களுக்கு அங்க யாரையும் தெரியாது. உங்களப் பத்தித்தான் பாப்பா சொல்லுவா. என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க.”

“ஒத்துக்கிட்டு ஒரு மன்னிப்புக் கடிதம் குடுத்தா, கண்டிச்சு விட்டுருவாங்க அங்கிள். நானே எழுதித் தர்றேன்” என்றேன்.

எழுத்தில் ஒப்புக்கொண்டவரை மேல் விசாரணையின்றி நீக்கலாம் என்பது கல்லூரி விதி. எனக்குத் தெரியும். விசாரணை நீண்டால் எல்லோருக்கும் மன உளைச்சல், அவளுக்கும்தான். கடிதம் கொடுத்த மூன்றாம் நாள் அவளை நீக்கினார்கள், உதவித்தொகையும் போனது. பெட்டியை வாசல்வரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாளாம்.

நான் எண்ணியது விடைத்தாள்களை. கொடுத்த கட்டுகளை எண்ணவில்லை. இரண்டாம் நாளே காய்ச்சலில் ஊருக்குப் போன ஒருவன் விடையும் தரவில்லை, கட்டையும் தரவில்லை. விடுதி அறையைக் காலி செய்தபோது கிடைத்ததாம், கடைசித் தாளோடு. அதுதான் உங்கள் மேஜையில் இருக்கிறது. ஆமாம், எல்லாவற்றையும் செய்தது நான்தான். யாரும் தூண்டவில்லை.

அவளை நினைத்து வருத்தமில்லையா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். என்னைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். மன்னிப்புக் கடிதத்தை நீட்டியபோது அந்தப் பெண் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. “நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்ணா” என்று கையெழுத்துப் போட்டாள். அவள் படிக்காமல் கையெழுத்திட்டது அந்த ஒரு தாளில்தான் இருக்கும். ஒருவன் நல்லவனாக இல்லாவிட்டால் அப்படி ஒரு நம்பிக்கை வருமா, நீங்களே சொல்லுங்கள்.