கணவாயில் நின்ற லாரி

லாரித் தார்ப்பாயை ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும். எங்கள் டிரைவர்கள் ஒற்றுமையாகச் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான். மற்றபடி, ஊர் ஊராகச் சுற்றியும் உலகம் தெரியாத கூட்டம்.

கம்பெனி திவாலாகப் போவது எனக்கு முன்பே தெரியும். வண்டிகளை அனுப்புவது என் பொறுப்பு. அவர்களிடம் சொல்லியிருந்தால் வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்திருப்பார்கள். சாவியைத் தந்திருக்க மாட்டார்கள். வண்டியும் சரக்கும் சேதமில்லாமல் வந்தால் எனக்கு வேலை உண்டு என்று, கம்பெனியை வாங்கவிருந்தவர் சொல்லியிருந்தார். ஆகவே எல்லோரையும் லோடு ஏற்றி அனுப்பினேன். அவர்கள் பாதி வழியில் இருக்கும்போது டீசல் போடக் கம்பெனி கொடுத்திருந்த கார்டுகளை நிறுத்தினேன். பிறகு, வேலை போய்விட்டது என்று செய்தி அனுப்பினேன்.

லோடை ஒப்படைக்காமல் ஒரு டிரைவரும் வண்டியை விட்டுப் போக மாட்டான். அதைத் தொழில் மானம் என்பார்கள். எனக்குச் சம்பளமில்லாத காவல்.

என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். அவர்களோ ஒருவர் டாங்கியிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி இன்னொருவருக்கு டீசல் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். வேலை போன அன்றும் தர்மம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அவர்களில் தாடிக்கார டிரைவர் ஒருவர் மட்டும் மலைக்கணவாயில், பனிக்குள் மாட்டிக்கொண்டார். போன் செய்தார்.

"டீசல் தீந்து ஹீட்டர் நின்னுடுச்சு சார். கை விறைக்குது. கீழ ஒரு டீக்கடை இருக்கு, நடந்து போயிடவா?"

"லோடை அம்போன்னு விட்டுட்டா போவீங்க? ஆளும் டீசலும் அனுப்பியிருக்கேண்ணே. வந்துடும்."

"அப்ப சரி சார். உங்களுக்கும் வேலை போயிருக்குமே. சாப்பிட்டீங்களா?"

இப்படிக் கேட்கிறவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏமாறுவதற்கென்றே சிலர் பிறக்கிறார்கள்.

நான் யாரையும் அனுப்பவில்லை.

சற்று நேரத்தில் குண்டு டிரைவர் கூப்பிட்டார். "தாடியண்ணன் போன் அணைஞ்சு கிடக்கு சார். கேன்ல டீசல் பிடிச்சு வச்சிருக்கோம். மேல ஏறிப் பாக்கட்டுமா?"

ஏறினால் அவரைக் கீழே கூட்டி வந்துவிடுவார்கள். லாரி அநாதையாக நிற்கும். "அவர் அப்பவே இறங்கிட்டாரு. நீங்க வீட்டைப் பாத்துப் போங்க" என்றேன். நம்பினார்கள். அதுதான் அவர்களிடம் இருந்த பெரிய குறை.

மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். வண்டியில் ஒரு கீறல் இல்லை. லோடு முழுசாக இருந்தது. அவர் ஸ்டியரிங்மேல் தலை சாய்த்திருந்தார். சாவியை எடுக்க, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

துக்கத்துக்குப் போனேன். அவர் மனைவி கைகூப்பினார். "கடைசியா எங்கிட்ட பேசுறப்ப, சார் டீசல் அனுப்பியிருக்காரு, தங்கமான மனுஷன்னு சொன்னாரு. வந்தவங்களுக்கு வழி தெரியல போல. நீங்க மனசு கஷ்டப்படாதீங்க தம்பி."

நீங்கள் என்னைக் குற்றவாளி என்கிறீர்கள். அன்று அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த அம்மாவுக்கு இந்த ஆறுதல்கூட மிஞ்சியிருக்காது.