அண்ணன் மீசையும் பள்ளி வரியும்

தராசு முள்போல் நடுநின்று இம்மன்றத்தைத் தாங்கும் அவைத்தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! வலக்கையால் வாயைப் பொத்தி உட்கார்ந்திருக்கும், டயர் கடை நடத்தும் என் உடன்பிறந்த அண்ணனே! எல்லாருக்கும் மேலிருந்து பார்க்கும் இறைவனை வணங்கித் தொடங்குகிறேன்.

பள்ளி வரி வேண்டுமா, வேண்டாமா? போன கூட்டத்தில் ஒரே ஒரு கை குறைந்து தோற்றோம். இன்றும் தோற்றால், நம் தெருக்கோடிப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு மேல் பூட்டு! அந்த ஒரு கை யாருடையது? சொல்லமாட்டேன். என் அண்ணனுடையது!

நாலு நாள் முன்பு சலூன் நாற்காலியில் அமர்ந்து அண்ணன் முழங்கினார்: "எம் புள்ளைங்க படிச்சு முடிச்சாச்சு. ஊரான் புள்ள படிக்க நான் எதுக்குய்யா வரி கட்டணும்? அந்தப் பள்ளிக்கூடத்தால எனக்கு ஒரு துரும்பு பிரயோசனம் உண்டா?"

இடப்பக்க மீசையை ஒதுக்கி முடித்திருந்த சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். "நானும் அங்க படிச்சவன்தாண்ணே. நேர்கோடு போடக் கத்துக்கிட்டதே அங்கதான். அந்தக் கோட்டை உங்க மூஞ்சியில போட்டா உங்க கொள்கை என்னாவுறது? எந்திரிங்க."

பாதி ஒதுக்கிய மீசையோடு அடுத்த சலூனுக்குப் போனார். அங்கிருந்த சலூன்காரரோ, அதே பள்ளியில் முன்னவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்! அதற்குள் சலூன் பேச்சு ஊரெங்கும் பரவிவிட்டது. பேருந்தில் ஏறப் போனார். "நானும் அங்கதாண்ணே படிச்சேன், நடந்தே போறீங்களா?" என்றார் ஓட்டுநர். கொள்கையா, மீசையா? குமுறிக்கொண்டே என் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, நீதான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவ. நீயே வெட்டு."

உண்மைதான் தாய்மார்களே. நான் பள்ளி வாசலை மிதித்ததில்லை. மளிகை சுற்றி வந்த தாளைப் பார்த்து எழுத்துக் கூட்டியவள். கணக்கு நோட்டில் இரண்டு பக்கமும் சமமாகும்வரை எனக்குத் தூக்கம் வராது. வலப்பக்கம் வெட்டினேன், இடது கூடிவிட்டது. இடப்பக்கம் வெட்டினேன், வலது கூடிவிட்டது. வெட்டினேன், வெட்டினேன்...

"ஐயோ, நிறுத்துடி!" என்றார். இப்போது வலப்பக்கம் ஒன்பது முடி. இடப்பக்கம், ஆண்டவன் சாட்சி, ஏழு.

யாரங்கே, கையை எடுக்கச் சொல்வது? சும்மா இருங்கள், அவர் என் அண்ணன்!

பெரியோர்களே, சிரித்தது போதும். கற்றவர் கை நம்மைத் தொடாத நாள் உண்டா? மருந்துச் சீட்டைப் படிப்பவர் யார்? மின்கம்பம் ஏறுபவர் யார்? ஊரார் பிள்ளை படித்தால் என் அண்ணன் முகம் பிழைக்கும். படிக்காவிட்டால்? அதோ, பொத்தியிருக்கிறது பாருங்கள் விடை!

அவைத்தலைவர் வலக்கையைத்தான் உயர்த்தச் சொல்லியிருக்கிறார். அண்ணே, உங்க வலக்கை எங்கே இருக்குன்னு ஊருக்கே தெரியும். மீசையை மறைக்கப் போறீங்களா, பள்ளிக்கூடத்தைத் திறக்கப் போறீங்களா?

அம்மாடி! உயர்ந்தது கை! தெரிந்தது மீசை! சிரிக்காதீர்கள், எண்ணுங்கள்!

சலூன்காரரே, இனி நீங்கள் கத்தரியை எடுக்கலாம். பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பதினாறு முடியோடு கை தூக்கிய அண்ணனுக்கும் என் நன்றி. அனைவருக்கும் வணக்கம்!