முக்கப்படாது

…பாரம் தூக்கப்படாது, குனியப்படாது, முக்கப்படாது. பின்ன மனிசன் என்னத்தத்தான் செய்யிற, தம்பி? கக்கூசுக்குப் போனாலும் மெல்லமா இருக்கட்டாம். அதையும் அந்தக் கண் டொக்டர் வெக்கமில்லாமக் கேட்டார். பெரிய படிப்புப் படிச்சவர்தானே, கேப்பார்.

நீங்க பேப்பரப் பாருங்க, பாருங்க. கண்ணிருக்கக்குள்ளயே பாத்து முடிச்சிருங்க. எனக்கு இடது கண் போயிட்டு. மிச்சம் கிடக்கிற வலதுக்கு லேசர் லைற் அடிக்கத்தான் கொழும்புக்குப் போறன். நாளைக்குக் காலம முறை. அடிச்சாக் கண் நிக்குமாம். அதுக்கு முன்ன உள்ளுக்குள்ள இரத்தம் கசிஞ்சிட்டெண்டா லைற் உள்ள போகாதாம், அந்தக் கண்ணும் அவ்வளவுதானாம். இஞ்ச என்னடாண்டா, மகாஓயாக்கு அங்கால காட்டுக்குள்ள கொண்டாந்து பஸ்ஸ நிப்பாட்டிப்போட்டு, டிரைவர் அடியில பூந்து படுத்திருக்கார். படுக்கட்டும். பாவம், அலுப்பா இருக்கும்.

என்ன சொல்ல வந்த நான்? ஆ, பந்து. என்ட கையில ஒரு றப்பர் பந்தத் தந்தார் தம்பி அந்த டொக்டர். நல்லா நெரிங்க எண்டார். நான் நெரிக்கன், அவர் கண்ணுக்குள்ள வெளிச்சத்தப் புடிச்சிப் பாத்துக்கொண்டு நிக்கார். மறுகா சொல்றார், உடம்பு முக்கக்குள்ள இரத்தம் பாஞ்சு வருமாம். நல்ல கண்ணெண்டா உள்ள இருக்கிற நரம்பு தானாச் சுருங்கி, அளவா விடுமாம். என்னப்போல சீனி வருத்தக்காரன்ட நரம்பு சுருங்காதாம். வாறதெல்லாத்தையும் அப்புடியே விட்டிருமாம். மெல்லிசு நரம்பு, தாங்காம வெடிச்சிருமாம்.

ஆருக்கிட்டச் சொல்றார்? நான் எங்கட வயல் வட்டைக்குத் தண்ணி பாக்கிற வட்டவிதானை, தம்பி. வெள்ளம் வந்தா எந்த வாய்க்கால் துருசுக் கதவ எவ்வளவு இறக்கணுமெண்டு நான் சொன்னாத்தான் வயலுக்குத் தண்ணி அளவாப் போகும். என்ட கண்ணுக்குள்ளயே கதவு சாத்தத் தெரியாத விதானை ஒருத்தன் குந்தியிருக்கானாம். கேக்கக்குள்ள எனக்கு ரோசம் வந்திட்டு. மருந்துத் துண்ட வாங்கிப் பொக்கற்றுல வெச்சிக்கொண்டு வந்திட்டன்.

மறுகா ஹஜ்ஜிப் பெருநாள். பக்கத்து ஊட்டு முகைதீன்பாவா குறுபானுக்கு ஒரு நாம்பன் மாடு வாங்கியிருந்தான். மாடெண்டா மாடு, லொறி மாதிரி. பொடியனுகள் கயித்தப் புடிச்சி இழுக்கானுகள், அது அசையல்ல. நான் சும்மா பாத்துக்கொண்டுதான் நிண்ட. அந்த ஜவுபர் இருக்கானே, என்ட மச்சான்ட மகன், அவன் சொல்றான், "நீங்க தள்ளி நில்லுங்க மாமா, ஏலாத மனிசன்" எண்டு. நாலு பேர் கேக்க. அவன்தான் தம்பி என்ட கண்ணக் கெடுத்தவன். அவன் வாய மூடிக்கொண்டு நிண்டா நான் என்னத்துக்குக் கொம்புல கை வெக்கப்போறன்? குனிஞ்சி, மூச்ச அடக்கி, ஒரு முக்கு. மாடு சாஞ்சிட்டு. எல்லாரும் மாஷா அல்லாஹ் எண்டானுகள். எனக்கு மட்டும் இடது பக்கம் ஒரே புகை. பெருநாளும் அதுவுமா ஆருடா வைக்கல் எரிக்கிற எண்டு ஏசின நான். ஒருத்தரும் எரிக்கல்லயாம். அசறுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகக்குள்ள அந்தப் பக்கம் கறுப்பு.

என்ன? ஓம், டொக்டர் சொன்ன அதுக்கு முந்தித்தான். முந்தியெண்டா? மாட்டப் பத்தி அவர் ஒரு வார்த்த சொன்னாரா? பாரம் தூக்காதீங்க எண்டார். நான் மாட்டத் தூக்கல்ல தம்பி, சாய்ச்சன்.

என்ட ஊட்டுக்காரி ஹாஜறாவும் அந்த டொக்டரப் போலதான். கூட வாறன் எண்டு ஒரே புடி. கல்முனை பஸ் ஸ்ராண்டுல, ஊரே பாத்துக்கொண்டிருக்க, என்ட பேக்கத் தூக்கிக்கொண்டு முன்னால நடக்கா. நான் கைய வீசிக்கொண்டு பின்னால போறன். மானம் போயிட்டு. ஏசி ஊட்ட அனுப்பிப்போட்டன். அழுதுகொண்டு போனா. எனக்கும் மனசு ஒரு மாதிரித்தான், தம்பி. அவட முகத்தப் பாக்கிறதுக்குத்தான் இந்தக் கண் கிடக்கட்டுமெண்டு ஆசப்படுறன். அத அவக்கிட்டச் சொல்லேலுமா?

என்னவாம்? எல்லாரையும் இறங்கித் தள்ளட்டாமா? நல்லது. காசுங் குடுத்து பஸ்ஸயும் நாமளே தள்ளுவம். போங்க தம்பி, போய்த் தள்ளுங்க. நான் மாட்டன். எனக்கு முக்கப்படாது. கீழ இறங்கிக் காத்துல நிக்கன்.

…இது என்ன தள்ளு? புதுமாப்பிள தோள்ல கை வெக்கிற மாதிரி வெச்சிக்கொண்டு நிக்கிறீங்க. காலக் குத்துங்க தம்பி, கால. என்ன சொல்றான் அந்தக் கண்டக்டர்? ஏலாத ஆக்கள் நிழல்ல நிக்கட்டாமா? ஆரடா ஏலாத ஆள்? கொஞ்சம் தள்ளுங்க தம்பி, இடம் விடுங்க. தோள மட்டும் வெக்கன். மூச்சடக்க மாட்டன், பயப்படாதீங்க. ம்… இன்னொருக்கா… ம்ம்ம்…

ஆ. எஞ்சின் பத்திட்டு. பாத்தீங்களா? ஒரு தோள் போதும். ஜவுபர் பாத்திருக்கணும் இத.

சீ, என்ன புகைய விடுறான் இவன். ஒண்டையும் பாக்கேலாமக் கிடக்கு. பஸ் எங்க போய் நிக்கிது? அவ்வளவு தூரமா? அப்ப இந்தப் புகை ஏன் இன்னும் போகாமக் கிடக்கு?

தம்பி. எங்க நிக்கிறீங்க? அந்தக் கையக் கொஞ்சம் தாங்க. புகை கிடக்குதானே? ஓம் எண்டு ஒருக்காச் சொல்லுங்க.